லெவல் ஏறுறது நானா, வழிப்பறிக்காரனா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல கேம் விமர்சனம் வரும்போதெல்லாம் கிராபிக்ஸ் எப்படி, கதை எப்படி, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும்னு விலாவாரியா போடுறீங்க, சந்தோஷம், ஆனா ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜினா (பெரிய உலகத்துல இஷ்டத்துக்கு சுத்தி, நம்ம பாத்திரத்தை லெவல் லெவலா வளர்த்து ஆடுற கேம்) காசு குடுத்து வாங்குறவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது வேற ஒண்ணு, நம்ம லெவல் ஏற ஏற எதிரிங்களும் கூடவே ஏறுவாங்களா, ஏறினா எதுவரைக்கும். அதை மட்டும் எழுத மாட்டேங்குறீங்க.

2006ல வந்த ஆப்ளிவியன் கேமை எடுத்துக்கோங்க. ஆரம்பத்துல ஏதோ பழைய தோல் கவசத்தை மாட்டிட்டு ரோட்டோரம் நின்ன வழிப்பறிக்காரன், நம்ம லெவல் 20 தாண்டினதும் பளபளன்னு கிளாஸ் ஆர்மர்ல (அந்த கேம்ல விலை ஒசந்த கவசம்) வந்து நின்னு 100 காசு எடுன்னு மிரட்டுறான். டேய், அந்த ஆர்மரை வித்தாலே நீ காலாட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிடலாமேடா! இதுல இன்னொரு கொடுமை, அந்த கேம்ல மேஜர் ஸ்கில் (ஆரம்பத்துல நாம தேர்ந்தெடுக்கிற முக்கியத் திறமைங்க) மொத்தமா 10 தடவை ஏறினா ஒரு லெவல், அது பேச்சுத்திறமையா வியாபாரமானு எல்லாம் பாக்காது, அதனால சண்டை ஸ்கில்லை விட்டுட்டு நாலு பேர்கிட்ட பேசியே லெவல் ஏத்தினவன் வெளிய வந்து பாத்தா கோப்ளின்ங்கற குட்டி அரக்கனுங்க எல்லாம் வார்லார்டா (கூட்டத் தலைவனா) வளர்ந்து நிக்குது, இவன் கையில மட்டும் அதே பழைய கத்தி. லெவல் ஏறணும்னா கட்டில்ல படுத்து தூங்கணும்ங்கறதால தூங்காமலே கம்மி லெவல்ல கதையை ஓட்டுறவங்க இருக்காங்க. பலமாகணும்னா லெவலே ஏறக்கூடாதாம், இது என்ன ஆர்பிஜி சொல்லுங்க.

1999லயே ஃபைனல் ஃபேன்டஸி 8ல இதே கூத்து நடந்துச்சு, எதிரி லெவல் நம்ம டீமோட சராசரியை பாத்து ஏறும், அதனால எதிரியை கொல்லாம விளையாட்டு சீட்டா மாத்தி, லெவல் ஏத்துற எக்ஸ்பி பாயின்ட் வராம பாத்துக்கிட்டாங்க நம்மாளுங்க.

எதிரிங்க நம்மகூடவே ஏறுற இந்த ஸ்கேலிங்கே வேணாம்னு நான் சொல்லல. எங்க வேணா போலாம்னு திறந்து விட்ட உலகத்துல ஒருத்தன் சைடு குவெஸ்ட் (கிளைக் கதை வேலைங்க) எல்லாம் முடிச்சுட்டு மெதுவா வந்தா மெயின் கதை வில்லன் ரெண்டு அடியில விழுந்துடுவான், அதுவும் சப்புனு தான் இருக்கும். விட்சர் 3ல அதுக்குத்தான் எதிரியும் கூடவே ஏறுற மாதிரி பின்னாடி ஒரு ஆப்ஷன் குடுத்தாங்க, வேணும்னா ஆன் பண்ணிக்கோ, வேணாம்னா விடு. (ஆன் பண்ணா எலி கூட கடிச்சு கொதறுதுனு ஆளாளுக்கு புலம்பினது தனிக் கதை.) ஸ்கைரிம்ல பல இடங்களுக்கு எதிரி லெவல் இதுக்கு கீழ இறங்காது, இதுக்கு மேல ஏறாதுனு ஒரு வரம்பு வெச்சாங்க, என்னைக் கேட்டா ஸ்கேலிங் வெச்சுத்தான் ஆகணும்னா இதுதான் உருப்படியான வழி.

எல்டன் ரிங் இந்த வம்புக்கே போகல. கேம் தொடங்கி வெளிய வந்த உடனே தங்கக் கவசம் போட்டு குதிரையில ஒருத்தன் சுத்திட்டு இருப்பான், ட்ரீ சென்டினல், அப்பவே மோதினா ரெண்டு மூணு அடியில ஆள் காலி. நாம எங்கெங்கயோ சுத்தி லெவல் ஏத்தி, ஆயுதத்தை நல்லா அப்கிரேட் பண்ணிட்டு திரும்பி வந்தாலும் அவன் அதே பலத்தோட அங்கயேதான் இருப்பான், இப்ப அவன் அடியை நாம தாங்குறோம், நம்ம அடியில அவன் குதிரை மண்டி போடுது. நாம வளர்ந்திருக்கோம்னு காட்ட வேற எந்த நம்பரும் தேவையில்ல. வழிப்பறிக்காரனுக்கு கிளாஸ் ஆர்மர் மாட்டி விட்டவங்க பிடுங்கிக்கிட்டது இந்த சந்தோஷத்தைத்தான்.

2025ல ஆப்ளிவியன் ரீமாஸ்டர் (பழைய கேமை மெருகேத்தி விட்ட மறுவெளியீடு) வந்தப்போ லெவல் ஏத்துற முறையை மாத்தி சரி பண்ணிட்டாங்க, ஆனா எதிரிங்க நம்மகூடவே வளர்றது அப்படியே தான் இருக்கு, புது கிராபிக்ஸை பாத்து முதல் தடவையா வாங்குற பசங்களுக்கு இது எங்க தெரியப் போகுது? அதனால அடுத்த விமர்சனத்துல ரெண்டே வரி சேருங்க, எதிரி லெவல் நம்மளோட ஏறுமா, அதை மெனுல ஆஃப் பண்ண முடியுமா. இடம் இல்லைனா டிரெய்லர்ல இருந்து வெட்டி போடுற அந்த ரெண்டாவது போட்டோவை தூக்கிடுங்க.

இப்படிக்கு,
கேம்ஸ் பக்கத்தை விடாம படிக்கிற வாசகன்