தமிழ்ச் செயலிகளுக்கு நட்சத்திரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'வீட்டிலிருந்தே தமிழ் கற்கலாம்' என்று நீங்கள் வெளியிட்ட செயலிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டீச்சர், எதைப் போடலாம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் மொரிசியஸில், ரோஸ் ஹில் என்ற ஊரில் மாலைநேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பட்டியலில் நட்சத்திரமும் பதிவிறக்கக் கணக்கும்தான் இருந்தன. அதை வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். பல செயலிகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் காட்டுகின்றன. ழகரத்துக்கு இசட், எச் என்று இரண்டு எழுத்து. பிரெஞ்சு பழகிய பிள்ளை 'வாழை'யை 'வாஸை' என்று வாசிக்கிறது. காதால் கேட்டாவது திருந்தும் என்றால், நான் பார்த்த ஒரு செயலியில் இயந்திரக் குரல். ல, ள, ழ மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. வாழைப்பழப் படத்தைத் தொட்டால் மணி அடித்துப் புள்ளி ஏறுகிறது. பிள்ளை வாயைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், எந்தத் தமிழ்? 'நான் வீட்டிற்குச் செல்கிறேன்' என்று செயலியில் மாதக்கணக்கில் படித்த என் மாணவி, கும்பகோணத்து உறவினர் வீடியோ காலில் "எப்ப வர்றீங்க, சாப்டாச்சா?" என்றதும் திருதிருவென்று விழித்தாள். பேச்சுத்தமிழ் மட்டும் படித்த பிள்ளைக்கோ தேவாரப் புத்தகத்தில் ஒரு வரி ஓடவில்லை. இரண்டும் வேண்டும். இது பேச்சு, இது எழுத்து என்று பாடத்திலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சொல்வதில்லை.

டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் இந்தி கற்கலாம், தமிழ் கற்க வழியில்லை. அதனால்தான் பெற்றோர் கிடைத்ததை இறக்குகிறார்கள். தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் ஒலியோடு இலவசமாகவே கிடைக்கின்றன. அது உங்கள் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தம்.

அடுத்த முறை, தமிழ் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலரிடம் செயலிகளைக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து அவர்களிடம் பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குரல் மனிதருடையதா, பாடம் எழுதியவர் யார், எந்தப் பாடத்தோடு இலவசம் முடிகிறது என்பதையும் போடுங்கள். எங்களுக்குப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதற்குள் வந்தால் பெற்றோர் எல்லோருக்கும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிசியஸ்