கியர்பாக்ஸை இறக்கும் முன் கிளட்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், பாகங்கள் அடங்கிய கிட் வாங்கிச் சொந்தமாகக் கார் கட்டிய வாசகர் ஒருவர், எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது என்று கேட்டிருந்தார். கியர்பாக்ஸை இறக்கி சிங்க்ரோ ரிங் (கியர் பற்கள் மோதாமல் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) மாற்றச் சொல்லிப் பதில் போட்டிருந்தீர்கள். மூலக்கடை பக்கம் லாரிக்கும் காருக்கும் அடியில் படுத்தே என் காலம் போயிற்று. அந்தப் பதிலை நம்பி அவர் வீண் செலவு செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால், கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது பெடலை மிதித்தும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியவில்லை என்று பொருள். ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். ஏனென்றால் பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. இல்லாத ரிங்கை எங்கே போய் மாற்றுவது?

வியாசர்பாடியில் என் தங்கை மகனும் அவன் கூட்டாளியும் இப்படித்தான் ஒரு வண்டி கட்டினார்கள். குழாய் சேஸ், ஆம்னியின் எஞ்சினும் கியர்பாக்ஸும். ஆம்னியில் கம்பெனி கொடுப்பது கேபிள் கிளட்ச். இவர்கள் கிட்டோடு வந்ததோ ஹைட்ராலிக் பெடல். அதில் மிதித்தால் மேலே பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். "மாமா, பாக்ஸ் போச்சு, இறக்கிடலாமா?" என்று கேட்டான். ஜாக்கியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, அவனைப் பெடலை மிதிக்க வைத்து, கீழே ஸ்லேவ் சிலிண்டர் ராடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்தேன். பெடல் தரையைத் தொட்டும் ராடு 12 மி.மீ. கூட நகரவில்லை.

மேலே இருந்த மாஸ்டரின் உள்விட்டம் 5/8 இஞ்ச், கீழே இருந்த ஸ்லேவுக்கு 7/8 இஞ்ச். கால் இஞ்ச் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் எண்ணெய்க்கு விட்டம் கணக்கில்லை, பரப்பளவுதான் கணக்கு. ஸ்லேவின் பரப்பளவு மாஸ்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாஸ்டர் 25 மி.மீ. தள்ளினால் ஸ்லேவ் 13 மி.மீ.கூட வராது. அதே இடத்தில் 3/4 இஞ்ச் மாஸ்டர் வைத்தால் 18 மி.மீ. வரும். பெடல் 44 சதவீதம் கனக்கும், அதற்கு வேறு வழியில்லை. கம்பெனி வண்டியில் இதையெல்லாம் அவர்களே கணக்குப் போட்டுத்தான் தருவார்கள். பெடல் ஒரு வண்டியிலிருந்தும் பாக்ஸ் இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்தால் அந்தக் கணக்கு நம் தலையில் விழுகிறது.

இன்னொன்றும் இருந்தது. மாஸ்டரை மெல்லிய இரும்புத் தகட்டில் போல்ட் போட்டிருந்தார்கள். ஒருத்தன் மிதிக்க, இன்னொருத்தன் டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தத் தகடு தொப்பை மாதிரி முன்னால் உப்பியது. மிதிக்கும் தூரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுகொண்டிருந்தது. பின்னால் எல் ஆங்கிள் வைத்து வெல்டு அடித்து, மாஸ்டரையும் மாற்றினோம். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கியர்பாக்ஸில் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

உங்கள் வாசகருக்கு வேறு காரணமும் இருக்கலாம். பெடலை இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் கியர் விழுகிறதா? அப்படியானால் லைனில் ஏர் இருக்கிறது. ஸ்லேவைத் தலைகீழாக மாட்டி பிளீடர் நிப்பிள் (ஏரை வெளியே விடும் திருகு) அடிப்பக்கம் போய்விட்டால், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் முழுசாக வராது. பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் உள்ளே ரப்பர் ஊதிப்போயிருக்கும், அதையும் பார்க்கட்டும்.

ராடு போதுமான தூரம் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் பாக்ஸை இறக்கும் பேச்சு. அப்போதும் சிங்க்ரோவைத் தேடிப் போக வேண்டாம். கிளட்ச் பிளேட் திருப்பிப் போட்டிருக்கிறதா, கியர்பாக்ஸ் தண்டின் பல்வெட்டான ஸ்ப்ளைனில் தடையில்லாமல் வழுக்கிப் போய் வருகிறதா, அந்தத் தண்டின் நுனியைத் தாங்கும், கிராங்க் முனையில் உள்ள பைலட் பேரிங் இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ராயபுரம், காசிமேடு பக்கம் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் ஃப்ளைவீல் (கிளட்ச் பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரம்) துருப்பிடித்து பிளேட் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ராடு நகர்வது போதவில்லை என்றதும் இஷ்டத்துக்குப் பெரிய மாஸ்டர் போட்டுவிடவும் கூடாது. அளவுக்கு மீறித் தள்ளினால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் கெடும். பெடலுக்கு ஒரு ஸ்டாப்பர் கட்டாயம் வேண்டும்.

இப்படிக் கட்டிய வண்டி ஆர்.டி.ஓ.வில் பதிவாகாது, பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதையும் உங்கள் பதிலில் காணோம். வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடும்போது அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மெக்கானிக் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.