செலக்டின்களைப் பற்றிக் கூடலூருக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. மழை விட்டும் கூடலூரில் குளிர் விடவில்லை என்றும், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் நோயாளிகள் கை கால் வலியோடு ஒருவர் பின் ஒருவராக வார்டுக்கு வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகும் முதுநிலை மாணவர்களுக்கு நோய்க்குறியியல் வகுப்பு எடுத்து வருகிறேன். சிவப்பணுவில் உள்ள நோய்க்கு, வெள்ளணு எண்ணிக்கை கூடியவர்கள் ஏன் அதிகம் அவதிப்பட வேண்டும் என்று நீ கேட்டிருந்ததையே சென்ற வகுப்பில் பாடமாக்கிவிட்டேன். விடையில் பெரும்பகுதி, செல்களை ஒன்றோடொன்று பற்ற வைக்கும் செலக்டின் என்ற புரதங்களிடம் இருக்கிறது.

அழற்சி தொடங்கியதும் வெள்ளணுக்கள் குழாயின் ஓரத்துக்கு ஒதுங்கி, உட்சுவரில் படிந்து, பிறகு வெளியேறும் என்றுதான் நாம் படித்த நாளில் விடைத்தாளில் எழுதினோம். பாயும் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிடித்து இழுப்பது எது என்பதற்கு அன்று புத்தகத்தில் பதில் இல்லை. அந்த வெளியேற்றத்தை ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் கோன்ஹைம் 1867-லேயே தவளையில் பார்த்து விவரித்துவிட்டார்; பிடிக்கும் மூலக்கூறுகளின் மரபணுக்கள் கைக்கு வந்ததோ 1989-இல்தான். அவை மூன்று. எல்-செலக்டின் வெள்ளணுவின் மேலேயே எப்போதும் இருக்கும். பி-செலக்டின் தட்டணுக்களுக்குள்ளும் குழாயின் உட்சுவர் செல்களுக்குள்ளும் தயார்நிலையில் சேமிக்கப்பட்டிருந்து, ஹிஸ்டமினோ த்ராம்பினோ பட்டதும் சில நிமிடங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடும். இ-செலக்டின், டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் (அழற்சிச் செய்தி சொல்லும் புரதங்கள்) வந்த பிறகே உட்சுவர் செல்லில் புதிதாக உருவாக வேண்டும் என்பதால் அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இந்த நேர வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

வகுப்பில் எலியின் நுண்சிரை ஒன்றை உயிரோடு படமெடுத்த காட்சியைக் காட்டினேன். சிவப்பணுக்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓட, ஓரத்தில் ஒரு நியூட்ரோஃபில் (வெள்ளணுக்களில் ஒரு வகை) மட்டும் மெதுவாக உருண்டு வருகிறது. சற்றுத் தயங்குகிறது, மறுபடி உருள்கிறது, பிறகு ஒரேயடியாக நின்று தட்டையாகி, சுவரினூடே நுழைந்து மறைகிறது. உருட்டுவது செலக்டின்; நிறுத்துவது, கீமோகைன் என்னும் வேதிச் செய்திகளால் தூண்டப்பட்ட இன்டெக்ரின் என்ற இன்னொரு ஒட்டுப் புரதம். செலக்டினின் பிடி சுருக்குமுடிச்சைப் போன்றது: ஓட்டம் இழுக்க இழுக்க, ஓர் எல்லை வரை, இறுகுகிறது. பி-செலக்டினில் இது 2003-இல் நேரடியாக அளந்து காட்டப்பட்டது. ஓட்டம் மிகவும் குறைந்தால் உருளலும் குறைவதை அது ஓரளவு விளக்குகிறது.

இனி உன் நோயாளிகளுக்கு வருவோம். உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) உட்சுவரைத் தூண்டி பி-செலக்டினை மேலே கொண்டுவருகிறது. அதில் நியூட்ரோஃபில்கள் ஒட்டுகின்றன. நுண்சிரையில் ஒட்டிய நியூட்ரோஃபில்களின் மேல் வளைந்த சிவப்பணுக்கள் வந்து சிக்க, ஓட்டம் நின்றுபோகிறது. எலிகளில் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். வளைந்த செல் குழாயை அடைக்கிறது என்று நாம் படித்தது பாதிக் கதைதான். வெள்ளணு கூடினால், சிக்க வைக்கும் கைகளும் கூடுகின்றன.

செலக்டின்களின் பிடி அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. 1992-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, மிக அரிதான இரண்டாம் வகை வெள்ளணு ஒட்டுக் குறைபாட்டில், ஃபுகோஸ் என்னும் சர்க்கரையை அதன் இடத்துக்குக் கொண்டுசெல்லும் புரதம் பழுதாகிறது. செலக்டின் பற்றிக்கொள்ளும் சர்க்கரைக் கிளைக்கு ஃபுகோஸ் தேவை. ஆகவே வெள்ளணுக்கள் வெளியேற முடியாமல், அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் சில வேளை மைக்ரோலிட்டருக்கு ஒரு லட்சத்தையும் தாண்டுகின்றன. ஆனால் தொற்று ஏற்பட்ட இடத்தில் சீழ் பிடிப்பதில்லை. சிவப்பணுவின் மேலுள்ள, ஏ, பி இரத்த வகைகளுக்கு அடிப்படையான எச் ஆன்டிஜெனுக்கும் அதே ஃபுகோஸ்தான் தேவை என்பதால், அவர்கள் இரத்த வகை, எச் இல்லாத பாம்பே வகையாகவே அமைகிறது. வழக்கமான பாம்பே வகையினருக்கு இந்த ஒட்டுக் குறைபாடு கிடையாது. இரத்த வங்கியில் இருப்பவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பாம்பே வகையைப் பற்றிய அறிக்கையும், நீலகிரியில் சிக்கிள் செல் இருப்பதைப் பற்றிய அறிக்கையும் 1952 என்ற ஒரே ஆண்டில்தான் வந்தன, கவனித்திருக்கிறாயா?

புற்றுநோய் செல்களும் பரவும்போது இந்தப் பிடியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அது வேறு கதை, இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசன்லிசுமாப், 2017-இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் காட்டியது: ஆண்டுக்கான கிரைசிஸின் (கடும் வலித் தாக்குதலின்) இடைநிலை எண்ணிக்கை போலி மருந்து பெற்றவர்களிடம் 2.98, இதைப் பெற்றவர்களிடம் 1.63. 2019-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அடுத்து வந்த பெரிய ஆய்வில் போலி மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை. ஐரோப்பாவில் 2023-இல் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். முதன்மையாக இ-செலக்டினைத் தடுக்கும் ரிவிபான்செல், கிரைசிஸோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் 2019-இல் தோற்றது. கணக்கைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, வலி தொடங்கி ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மருந்து பெற்றவர்கள் விரைவில் தேறியதாகத் தெரிந்தது. முடிவு தெரிந்த பிறகு பிரித்துப் பார்க்கும் கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனாலும் உருளல் என்பது முதல் படி. இன்டெக்ரின் இறுகிய பிறகு செலக்டினைத் தடுத்து ஆவதென்ன? குறி சரி, நேரம்தான் தவறுகிறது என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே அந்த விலையுயர்ந்த ஊசிக்காக நீ ஏங்க வேண்டியதில்லை. இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா கருநிலை ஹீமோகுளோபினைக் கூட்டுவதோடு நியூட்ரோஃபில்களையும் குறைக்கிறது. உன் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால், அந்த இரண்டாவது பலனைப் பக்கவிளைவு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கை அளவுக்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்.

ஓர் உதவி செய். உன் வார்டு கேஸ் ஷீட்டில் சேர்த்த நேரம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வலி தொடங்கிய நேரத்தையும், அன்றைய வெள்ளணு எண்ணிக்கையையும் தனியாகக் குறிக்கச் சொல். பாடியிலிருந்து (பழங்குடிக் குடியிருப்பிலிருந்து) ஜீப் பிடித்து வருவதற்குள் எத்தனை மணி நேரம் போய்விடுகிறது என்று தெரிய வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பினால், மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தா