கடையில் இருப்பது எந்தப் பாடம்?

லண்டனிலும் நியூயார்க்கிலும் நாவல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் பிரதியில் ‘திருத்தப்படாத மெய்ப்பு, அச்சான நூலோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதீர்கள்’ என்று மறக்காமல் போடுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் அச்சான நூல் என்று ஒன்றுதான் இருக்கிறதா? அதன் பாடம், அதாவது உள்ளே இருக்கும் வரிகள், எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதானா?

2010இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோனதன் ஃபிரான்சனின் ‘ஃப்ரீடம்’ நாவல் பிரிட்டனில் வெளியானபோது, கடைசித் திருத்தங்கள் சேராத பழைய கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. தொலைக்காட்சிக்காக வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியரே அதைக் கண்டுபிடித்தார். அச்சிட்டவை 80,000 பிரதிகள். அதற்குள் ஏறக்குறைய 8,000 விற்றிருந்தன. பதிப்பகம் வாசகர்களுக்குப் பிரதியை மாற்றிக் கொடுத்தது. சரி, அது விபத்து.

பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் மிட்செலின் ‘கிளவுட் அட்லஸ்’ நாவலுக்கு நடந்தது வேறு. நியூயார்க்கில் அதன் பதிப்பாசிரியர் வேலையை விட்டுப் போக, கையெழுத்துப் பிரதி சில மாதங்கள் கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்குள் லண்டனில் திருத்தங்கள் நடந்தன. அப்புறம் நியூயார்க்கில் புதிதாக வந்தவர் தன் பங்குக்குத் திருத்தினார். இரண்டையும் யாரும் முழுமையாக ஒப்பிட்டுச் சேர்க்கவில்லை. 2004இல் இரண்டு நாவல்கள் ஒரே பெயரில் வெளிவந்தன. சோன்மி என்ற பாத்திரத்தின் நேர்காணல் பகுதியில் முதல் வரியே வேறு. இதை ஆராய்ச்சியாளர் மார்ட்டின் ஈவ் 2016இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் கையிலிருந்த பிரிட்டிஷ் காகிதப் பதிப்பின் வரிகளை மின்னூலில் தேடினால் கிடைக்கவில்லை. மின்னூலில் இருந்தது அமெரிக்கப் பாடம்! பன்னிரண்டு வருடம் வகுப்பறைகளில் யார் எதை மேற்கோள் காட்டினார்களோ.

அந்தோனி பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவல் அமெரிக்காவில் 1986 வரை கடைசி அத்தியாயம் இல்லாமலேயே விற்றது. அங்கே அத்தியாயங்களை எண்ணினாலாவது வித்தியாசம் தெரியும். வரிக்கு வரி மாறினால் வாசகருக்கு எப்படித் தெரியும்?

எழுத்தாளர் கடைசி நிமிடம் வரை திருத்தட்டும், அது அவர் உரிமை. நான் கேட்பது ஒரு குறிப்பு மட்டும். பதிப்புரிமைப் பக்கத்தில் இந்தப் பாடம் எந்தத் தேதியில் முடிவானது, வேற்று நாட்டுப் பதிப்பிலிருந்து மாறுபடுகிறதா என்று எழுதுங்கள். மின்னூலுக்கும் இது வேண்டும். பின்னால் சத்தமில்லாமல் திருத்தினால் தேதியையும் மாற்றுங்கள். நூலுக்கு அடையாளமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண் கெட்டி அட்டையா, மெல்லட்டையா என்று பிரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் பாடத்தைப் பற்றி வாய் திறக்காது. முடிந்தால் விமர்சகர்களுக்கு அனுப்பும் முன்பிரதி ஒன்றையும் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.

இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். காகிதம் எப்படிப்பட்ட காட்டிலிருந்து வந்தது என்பதைக்கூட அதே பக்கத்தில்தான் அச்சிடுகிறீர்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கும் வாசகர்