17 பேரையும் விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். உன் ஜாஸ் குழுவின் 17 பேரைக் கட்டி மேய்க்க முடியவில்லை, ஐந்து பேராகக் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. ஐந்து பேர் சேர்ந்த ஜாஸ் குழு லண்டனில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். நீ எழுதியிருப்பது இத்தனை பேர் மூச்சும் சேர்ந்தால்தான் எழும்புகிற சங்கீதம்.

நான் இருக்கிற ஃபிலடெல்ஃபியாவில், ஜெர்மன்டவுனில், மார்டன் தெருவில் ஒரு சாதாரண வரிசை வீடு இருக்கிறது. ஜாஸ் பியானோக்காரர் சன் ரா 1968இல் தன் ஆர்கெஸ்ட்ராவோடு வந்து குடியேறிய வீடு. குழுவில் சாக்ஸபோன் வாசித்த மார்ஷல் ஆலனின் அப்பாவுக்குச் சொந்தமானது. 1950களில் சிகாகோவில் தொடங்கிய அந்தக் குழு, 1993இல் சன் ரா இறந்த பிறகும் கலையவில்லை. முதலில் ஜான் கில்மோர் நடத்தினார், 1995இல் அவரும் இறந்த பின் ஆலன் எடுத்துக்கொண்டார். 2024 மே மாதம் ஆலனுக்கு நூறு வயது நிறைந்தபோதும் அவர்தான் தலைவர்.

அவர் வாசிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் அங்கியோடு நிற்பார். திடீரென்று வலது கையை சாக்ஸபோன் சாவிகள் மேல் கிதார் மீட்டுகிற மாதிரி சரசரவென்று இழுப்பார். கிறீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும். அடுத்த நொடியே பின்னால் இருக்கிற பித்தளைக் கருவிகளை நோக்கிக் கையை வீசுவார், அத்தனையும் ஒன்றாக எழும். அந்தக் கைக்கு அவர்கள் உடனே பதில் சொல்வது ஒத்திகையால் வந்தது, வேறு எதனாலும் இல்லை. சன் ரா காலத்தில் பாட்டு வரிசை என்று எதுவும் முன்கூட்டிச் சொல்லமாட்டாராம். பியானோவில் நாலு ஸ்வரம் தட்டுவார், மற்றவர்கள் எந்த உருப்படி என்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் இருந்ததால் ராத்திரி பகல் பார்க்காமல் ஒத்திகை நடந்தது.

உன்னால் அப்படி எல்லோரையும் ஒரே வீட்டில் வைத்திருக்க முடியாது, முயலவும் வேண்டாம். பேட் பேட்ரிக் என்று சன் ரா குழுவில் ஓர் அருமையான பாரிடோன் சாக்ஸபோன்காரர் இருந்தார். சின்னப் பிள்ளையாக இருந்த மகன் டெவலைச் சிகாகோவிலேயே விட்டுவிட்டு நியூயார்க் போனவர். அந்த மகன் பின்னாளில் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆனார் என்பது வேறு விஷயம். பெற்றவனாக எனக்கு அப்படி விட்டுப் போனது உறுத்துகிறது. உன் ஆட்களின் வீடும் வேலையும் குழந்தைகளும் உன் கணக்கில் இருக்கட்டும்.

அதனால் கிழமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். 1966இல் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தங்கள் பெரிய ஜாஸ் குழுவோடு நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் திங்கட்கிழமைகளில் வாசிக்க ஆரம்பித்தார்கள். திங்களன்று மற்ற இடங்களில் கச்சேரி குறைவு, அதனால் நல்ல ஆட்கள் கிடைத்தார்கள். அந்தத் திங்கள் வழக்கம் அங்கே இன்னும் விடவில்லை. சன் ராவும் அதே காலத்தில் நியூயார்க்கில் ஸ்லக்ஸ் என்ற கிளப்பில் திங்கட்கிழமைதான் வாசித்தார். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். ஏழு பேர்தான் வந்தாலும் அன்று ஒத்திகை நடக்கட்டும். வாடகை கட்டி வா, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடு, கச்சேரிக் காசைப் பிறகு பார்க்கலாம்.

அப்புறம் அந்தப் பதிவு. எழுதி வைத்த பகுதி முடிந்து சுதந்திரமாக வாசிக்கிற இடம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் புகுந்துவிடுகிறார்கள், யார் காதிலும் யாரும் விழவில்லை. அந்த இடத்தை அவர்கள் இஷ்டத்துக்கு விடாதே. இசைக்குழுவை நடத்த புட்ச் மோரிஸ் என்ற ஜாஸ் கலைஞர் 1985இல் நியூயார்க்கில் தொடங்கி வளர்த்த கைச்சைகைகளைப் படி. ஒரு பகுதி வந்ததும் அதற்கு ஓர் எண் கொடுத்து நினைவில் வைக்கச் சொல்வார். பிறகு சைகையால் அந்த எண்ணைக் காட்டினால் எல்லோரும் அங்கே திரும்பிவிட வேண்டும். ஏழெட்டுச் சைகை போதும், நீ கூட்டத்தின் நடுவிலும் வழி வைத்திருக்கலாம்.

இன்னொன்று. உன் நோட்டுத் தாளில் ‘இரண்டாம் டிரம்பெட்’ என்று போட்டிருக்கிறாய். பெரிய ஜாஸ் குழு நடத்திய டியூக் எலிங்டன் தன் தாள்களில் ஆளின் பெயரைத்தான் எழுதுவார். அந்த ஆளின் தொனி, அவரால் மட்டும் எட்ட முடிகிற ஸ்வரம், எல்லாம் தெரிந்து எழுதியது. உன் குழுவை விட்டுப் போன இரண்டு பேரும் ஏன் போனார்கள் என்று யோசித்துப் பார். வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் வாசிக்கக்கூடிய பகுதிதான் அவர்கள் கையில் இருந்தது.

நீ காய்ச்சலில் படுத்தால் அன்று யார் நடத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அந்த டிராம்போன் பெண். எல்லோரும் தாளத்தைத் தவறவிட்ட இடத்தில் அவள் ஒருத்திதான் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் மெல்ல அவளிடம்தான் வந்து சேர்ந்தார்கள். வருகிற ஒத்திகையில் ஒரு உருப்படியை அவளிடம் கொடுத்துவிட்டு நீ பியானோவில் உட்கார். அந்தப் பதிவையும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா