கேள்வித்தாளோடு வரும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் சுற்றுச்சூழல் இனவெறி பற்றிய விழிப்புணர்வு எவ்வளவு என்று அளக்கிறார்களாம். நச்சு ஆலையும் கழிவும் ஒடுக்கப்பட்டவர்கள் வாழும் இடத்துக்கே தள்ளப்படுவதற்கு அதுதான் பெயர். "சுற்றுச்சூழல் இனவெறி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா அம்மா?" "இல்லப்பா" என்றார் அம்மா. 'இல்லை' கட்டத்தில் டிக் விழுந்தது. அப்புறம் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த டிக் தப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நாற்றம் வந்தால் எழுந்து சன்னலைச் சாத்துகிறவர் அம்மா. அழுகின முட்டை வாடையா, வேறு நெடியா, காற்று எந்தப் பக்கம் என்று படுத்தபடியே சொல்வார். ஒருநாள் கேட்டார்: "இதையெல்லாம் மஞ்சக்குப்பத்துல, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல கட்டியிருப்பானா?" உங்கள் கேள்வித்தாள் தேடுவது இதைத்தானே?

'சுற்றுச்சூழல் இனவெறி' என்ற சொல்லே இப்படிப்பட்ட கேள்வியிலிருந்து பிறந்ததுதான். 1982-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வாரன் கவுண்டியில் பிசிபி நஞ்சு கலந்த மண்ணைப் புதைக்க லாரிகள் வந்தன. மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள், 500 பேருக்கு மேல் கைதானார்கள். 1987-ல் ஒரு தேவாலய அமைப்பின் ஆய்வு, நச்சுக் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதை அங்கே வாழும் மக்களின் வருமானத்தைவிட அவர்களின் நிறமே சரியாகக் காட்டுகிறது என்றது. வாரன் கவுண்டிக்காரர்கள் சாலையில் படுத்தது அந்தச் சொல்லைப் படித்துவிட்டா?

மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல். இனவெறி என்றால் எங்களுக்கு இலங்கையும் தென்னாப்பிரிக்காவும்தான் நினைவுக்கு வரும். இங்கே சாதி என்று கேளுங்கள். எந்தத் தெரு காலனி, எது மீனவர் குப்பம், புகை யார் வீட்டுப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனால் பதில் வரும்.

இன்னொன்று. விழிப்புணர்வை எங்களிடம் மட்டும் ஏன் அளக்கிறீர்கள்? 2004-ல் இந்த ஊர்க்காரர்களே வாளியும் பையுமாகக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசுக் குறியீட்டில் கடலூர் நூற்றுக்கு 77.45 வாங்கியது, 70-ஐத் தாண்டினாலே மிக மோசம். இது கடலூர் நகரத்துக்குள்ளேயே, திருப்பாதிரிப்புலியூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னையில்? அங்கேயும் அந்தக் கேள்வித்தாளை நீட்டிப் பாருங்கள்.

மறுபடி வருவதானால் பகல் பதினொரு மணிக்கு வராதீர்கள். ராத்திரி தங்கும்படி வாருங்கள். திண்ணையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உப்பனாற்றங்கரைக்காரன் ஒருவன்