சட்டம் பிரித்த ஜோடிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருநாளும் சேர்ந்து வாசிக்காத ஜாஸ் கலைஞர்களில் யாரை யாரோடு ஒரே மேடையில் கேட்க ஆசை என்று வாசகர்களிடம் கேட்டு, வந்த பதில்களைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். ஒன்று விடாமல் படித்தேன். ட்ரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸும் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கைகூடியிருக்க வேண்டிய காரியம்தான். 1969 அக்டோபரில், தானும் மைல்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸும் சேர்ந்து ரெக்கார்ட் செய்யப் போகிறோம், பேஸ் கிட்டார் வாசிக்க வர முடியுமா என்று பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு ஹெண்ட்ரிக்ஸ் தந்தியே அடித்தார். மறு ஆண்டு செப்டம்பரில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்துபோனார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் சிதார் மேதை ரவிசங்கரும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். ரவிசங்கரிடம் உட்கார்ந்து முறையாகப் பாடம் கேட்க நினைத்திருந்தார். 1967 ஜூலையில், 40 வயதிலேயே போய்விட்டார்.

நல்ல ஆசைகள்தான். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் வெளிவரும் இதழில், நம் நாட்டுக் கலைஞர் ஒருவர் பெயர்கூட அந்தப் பதில்களில் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் சாவாக இருக்கும், அல்லது ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தமாக இருக்கும், தேதி ஒத்துவராததாக இருக்கும். இங்கே காரணம் சட்டம். 1950-இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்தது. 1953-இல் பொது இடங்களை நிறவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. யார் எந்த மண்டபத்தில், யாரோடு, யார் முன்னால் வாசிக்கலாம் என்பது அரசாங்கத்தின் கையில் போயிற்று. வின்ஸ்டன் மன்குங்கு என்ற மகா கலைஞர் கேப்டவுனில் திரைக்குப் பின்னால் நின்று சாக்ஸபோன் வாசித்தார். வெள்ளைக்காரர் பெயர்போல் ஒலிக்கட்டும் என்று அவருக்கு வின்ஸ்டன் மேன் என்று பெயர் போட்டார்கள். கிறிஸ் மெக்கிரெகர் என்ற வெள்ளையரும் கறுப்பின இளைஞர்களும் சேர்ந்து அமைத்த புளூ நோட்ஸ் குழு, 1964-இல் பிரான்சின் ஆன்டிப் விழாவுக்கென்று புறப்பட்டு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டது. ஒரே மேடையில் நிற்பதற்காக அவர்கள் ஊரையே விட வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லும்போது, யார் யாரோடு என்பதோடு, ஏன் சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

என் முதல் ஆசை 1968-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜோகன்னஸ்பர்கில் மன்குங்கு 'யாகல் இன்கோமோ' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்க ஜாஸ் என்றால் எவரும் முதலில் எடுத்துக் கொடுக்கும் தட்டுகளில் அது ஒன்று. டிரம்ஸ் எர்லி மபூசா, பேஸ் அக்ரிப்பா மக்வாசா. பியானோ? லயனல் பிள்ளை. நம் டர்பன்காரர். இந்தப் பெயரைச் சொன்னால், இந்தியர்கள் வாழும் நம் சாட்ஸ்வொர்த்தில் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றிரவே அந்தத் தட்டைப் போட்டு, சாக்ஸபோனை ஒதுக்கிவைத்துவிட்டுப் பியானோவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். முன்னால் நிற்பவருக்கு இடம் விட்டு, ஆனால் ஒரு கணமும் கையை விடாமல், பக்கவாத்தியம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வாசித்திருக்கிறார். தன் முறை வந்ததும் அவசரப்படுவதில்லை.

அந்தத் தட்டில் ஒரு பாட்டை, முந்திய ஆண்டு இறந்த கோல்ட்ரேனுக்கும், அப்போது மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த வெய்ன் ஷார்ட்டருக்கும் காணிக்கை என்று பெயரிலேயே குறித்துவிட்டார்கள். ஆக, இவர்கள் ஷார்ட்டரை அவ்வளவு ஆழமாகக் கேட்டிருக்கிறார்கள். ஷார்ட்டர் வந்து மன்குங்குவின் பக்கத்தில் நின்றிருந்தால்? இரண்டு டெனார் சாக்ஸபோன்கள், நடுவில் லயனல் பிள்ளையின் பியானோ. மன்குங்குவின் தொனி அடிவயிற்றிலிருந்து வருவது. ஷார்ட்டர் பாதி சொல்லி மீதியைக் கேட்பவரிடம் விட்டுவிடுபவர். இருவரையும் ஒரே சுருதியில் கட்டிவைக்கிற நிதானம் பிள்ளையிடம் இருந்தது.

அது நடந்திருக்க முடியாது. அதே 1968 டிசம்பரில்தான் ஐ.நா. பொதுச்சபை, நிறவெறி அரசோடு பண்பாட்டு உறவுகளை எல்லா நாடுகளும் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அதற்கு முன்பே தன் உறுப்பினர்களைத் தடுத்திருந்தது. அந்தப் புறக்கணிப்பு நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதனால் நம் கலைஞர்கள் இழந்தது பெரிது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகவே மனதில் வைத்திருக்கிறேன்.

கச்சேரி எங்கே என்று கேட்டால், விக்டோரியா தெரு குட்வில் லவுஞ்சில். பம்பி நாயுடு நடத்திய அந்த இடத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐம்பதுகளில், ஜாஸ் பைத்தியம் பிடித்த டர்பன் இந்தியர்களுக்கு அதுதான் வீடு. தெருவுக்கு இன்று பெர்த்தா ம்கீசே பெயர். வேறு எந்தப் பெரிய மண்டபமும் எனக்கு வேண்டாம்.

பின்னாளில் லயனல் பிள்ளை, பேசில் கூட்சீயின் சாக்ஸபோனோடு சேர்ந்து செய்த பதிவுகளும் உண்டு. 'ஷ்ரிம்ப் போட்ஸ்' என்ற தட்டு 1987-இல் வந்தது. அதில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும். அதையும் தேடிக் கேளுங்கள்.

நம் சாக்ஸபோன் கலைஞர் கிப்பி முகெட்சியையும் அமெரிக்கப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற ஆசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியானோ கலைஞர் டாலர் பிராண்டுக்கு, அதாவது இன்றைய அப்துல்லா இப்ராகிமுக்கு, மாங்கின் இசையைக் காட்டிக்கொடுத்தவரே கிப்பிதான். 1960-இல் வந்த ஜாஸ் எபிசில்ஸ் குழுவின் தட்டில் கிப்பி வாசித்ததைக் கேட்டவர்களுக்கு மேலே நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் இருந்த மசெகேலாவும் குவாங்வாவும் பிராண்டும் ஒருவர்பின் ஒருவராக நாட்டை விட்டுப் போனார்கள். கிப்பி லண்டன் வரை போய்த் திரும்பி வந்து இங்கேயே இருந்து, 1983-இல் இறந்தார்.

இனி, இசைக்காக மட்டுமே நான் ஏங்கும் ஒரு ஜோடி. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. எதிரே யார்? கோல்ட்ரேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நான் அமெரிக்கரான யூசஃப் லத்தீஃபைச் சொல்வேன். காரணம் சீவாளி. நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாணல். சாக்ஸபோனில் இருப்பது ஒற்றை நாணல். லத்தீஃப் சாக்ஸபோன் கலைஞர்தான் என்றாலும், இரட்டை நாணல் வாத்தியங்களான ஓபோவையும் ஷெனாயையும் கையில் எடுத்து ஜாஸ் வாசித்தவர். 1961-இல் பதிவான அவருடைய 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' தட்டில் ஓபோவில் புளூஸ் வாசிக்கிறார். இரட்டை நாணலை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் சுரத்தை வளைக்கத் தெரிந்தவர் அவர். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் பதில் சொல்ல அந்த உதடுதான் வேண்டும்.

தோடியின் சுரங்களை வரிசையாக வாசித்தால், மேற்கத்தியர் பிரிஜியன் என்று அழைக்கும் வரிசை வரும். காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் நமக்கு அது தோடி ஆகாது, கமகம் வேண்டும். புளூஸிலும் அப்படித்தான், காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, இரண்டு காந்தாரங்களுக்கு இடையே இழுபட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஒரு சுரத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு இரவு முழுக்கப் பேசியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ராஜரத்தினம் பிள்ளை சுருதியைத் தாழ்த்தி நீளமான பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டவர் என்பதால், பக்கத்தில் நிற்கும் ஓபோவின் ஒலி அமுங்கிப்போகாது. தவிலுக்கு இந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், எதிரே டிரம்ஸில், கோல்ட்ரேனோடு வாசித்த எல்வின் ஜோன்ஸ் உட்கார வேண்டும். அவர் கையில் மூன்று மூன்றாக உருண்டு வருவதை நம்மவர்கள் திஸ்ர நடை என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். தனி ஆவர்த்தனத்துக்கு நேரக் கணக்கு வைக்கக் கூடாது.

1956 டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை காலமானபோது, லத்தீஃப் தன் பெயரில் தட்டு வெளியிடத் தொடங்கியிருக்கவில்லை. அந்த மறைவுக்கும் 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' பதிவுக்கும் நடுவிலான ஐந்தாண்டு இடைவெளியை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனையும் வீணை எஸ். பாலசந்தரையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆலிஸ் 1971-இல் வந்த தன் தட்டுக்குத் தன் குரு சச்சிதானந்தரின் பெயரைச் சூட்டினார். அந்தக் குரு கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். ஆலிஸ் மீட்டும் ஹார்ப்பில் சுரங்கள் அலை அலையாக வரும். ஆனால் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்க அந்த வாத்தியம் இடம் கொடுக்காது. பாலசந்தரோ வீணையின் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைக் கொண்டுவந்துவிடுவார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

போனவர்களைப் பற்றியே எழுதிவிட்டேன். இருப்பவர்களில் ஒருவர், நம் குவாசூலு நாட்டல் மண்ணின் பியானோ கலைஞர் ந்துதுசோ மகாதினி. டர்பனில் படித்தவர், டர்பனில் பிறந்த பியானோ கலைஞர் பெக்கி ம்செலேகுவின் வழியில் வந்தவர். ஜாஸை வழிபாடாகவே வாசிப்பவர். தைப்பூசக் காவடிக்கு டர்பன் உம்கேனி சாலைக் கோயிலில் கேட்கும் நாகசுரமும் தவிலும் அவர் பியானோவோடு ஒரு மாலை சேர்ந்து ஒலிக்க வேண்டும். இதைத் தடுக்க இன்று எந்தச் சட்டமும் இல்லை. கோயில் நிர்வாகிகளும் பல்கலைக்கழக இசைத்துறையினரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். லயனல் பிள்ளையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். அவரோடு வாசித்தவர்கள், அவரை நேரில் கேட்டவர்கள் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் இன்னும் இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்களிடம் இருக்கும் புகைப்படங்களையும் பழைய நோட்டீஸ்களையும் வாங்கிப் போடுங்கள். தேடி அலையும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்